தொப்புள் வழியாக வந்த மீன்

அந்த வருடம் ஒபாரியாவுக்கு ஒரு அதிசயம் வந்து சேர்ந்தது. அதிசயத்தின் பெயர் பேராசிரியர் மகாக். எந்தக் கல்லூரியில் பேராசிரியர் என்று நீங்களும் கேட்காதீர்கள். ஊரில் யாரும் கேட்கவில்லை. சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார். வாசலில் பலகை மாட்டினார். “வயிற்றுப் பேராசிரியர். சாப்பிடாத குழந்தைகளைச் சாப்பிட வைப்பார். கண்ணேறு, வழக்கு, காதல் தோல்வி ஆகியவற்றுக்கும் அணுகலாம்.” கடைசி வரி, பலகையில் இடம் மிச்சமிருந்ததால் எழுதியது.

விக்டோரியா ஏரியின் அந்தக் கரையில் எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். கெட்ட கண் உள்ளவர்கள் குழந்தையின் தட்டைப் பார்த்துவிட்டால் போதும், தின்றது வயிற்றில் தங்காது. சதைக்குள் புகுந்து ஊர் சுற்றும். குழந்தை இளைக்கும். மகாக் அந்த உணவைத் தேடிப் பிடித்து, தோல் வழியாகவே வெளியே எடுத்துவிடுவார். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. பச்சிலையும் சோளமாவும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த ஓர் உருண்டை. அதைக் குழந்தையின் வயிற்றில் தேய்ப்பார். கண்ணை மூடி முனகுவார். பிறகு உருண்டையைப் பிட்டுக் காட்டுவார். உள்ளே மீன்முள்! பருப்புத் தோல்! முட்டை ஓடு!

சந்தை நாட்களில் கூட்டம் தாங்காது. எதிர்க்கரையிலிருந்து படகில் வந்தார்கள். ஒரே பைக்கில் குடும்பத்தோடு வந்தார்கள். எல்லார் இடுப்பிலும் ஒரு நோஞ்சான் குழந்தை, எல்லார் கக்கத்திலும் ஒரு கொழுத்த கோழி. ஏனென்றால் பேராசிரியர் காசைக் கையால் தொடமாட்டார். அவ்வளவு பெரிய மனசு. கோழி, முட்டை, கருவாடு, பால் என்று ஏதாவது வைத்தால் போதும். குழந்தைகள் வயிற்றுக்குள் போக வேண்டியதெல்லாம் இப்படி வரிசையில் நின்று அவர் வயிற்றுக்குள் போனது. அவருடைய வயிறு மட்டும் எந்தக் கண்ணேறும் படாமல் நாளொரு சுற்றுப் பெருத்தது.

அந்த வரிசையில்தான் அபோண்டியும் நின்றாள்.

அவள் மகன் ஓக்கோத்துக்கு இரண்டு வயது. அதைத் தவிர அவனுக்கு வேறு நோய் எதுவும் இருக்கவில்லை. கஞ்சி குடிப்பான். மக்காச்சோளக் களியைச் சர்க்கரை தொட்டுக் கொடுத்தால் தின்பான். முட்டையை வாயில் வைத்தால் அம்மாவின் முகத்திலேயே துப்புவான். பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் அடுக்குவான். மீனைக் கண்டால் உதட்டைப் பூட்டிக்கொள்வான். அபோண்டி பாடாத பாட்டில்லை, போடாத வேஷமில்லை. ஆடு மாதிரி கத்திக் காட்டினாள், படகு மாதிரி கரண்டியை ஓட்டிக் காட்டினாள். படகு வந்த வழியே திரும்பியது.

சுகாதாரத் தொண்டு செய்யும் பெண் வீட்டுக்கு வந்து கையை அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “முட்டையோ மீனோ பருப்போ பாலோ, ஏதாவது ஒண்ணு தினமும் உள்ள போகணும்மா.”

“குடுத்தா துப்பறானே.”

“துப்பட்டும். மறுநாள் திரும்பக் குடுங்க. பத்துத் தடவை துப்பினா பதினோராவது தடவை முழுங்குவான். மத்த பசங்களோட உக்கார வச்சுப் பாருங்க.”

இதெல்லாம் ஒரு வைத்தியமா? புகை இல்லை, முனகல் இல்லை, யார் மேலும் பழி இல்லை. கேட்டவர்கள் கேட்ட இடத்திலேயே மறந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவன் வாய் திறக்கும் இடம் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரெஸ் படகுத்துறையில் மீன் பொரித்து விற்பவள். நாக்கு, எண்ணெய்ச் சட்டியை விடச் சூடு. அவள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, பொரித்த ஜிலேபி மீனுக்கு அடித்துக்கொள்வார்கள். ஓக்கோத் அங்கே குடுகுடுவென்று ஓடுவான். அவனை யாரும் கெஞ்சமாட்டார்கள், யாரும் பாட மாட்டார்கள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பெரெஸ் முள் எடுத்து ஓரமாக ஒரு பிடி வைப்பாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பயல் அடுத்தவன் கையிலிருந்து பிடுங்கித் தின்றுகொண்டிருப்பான்.

“உன் புள்ளைக்குப் பசிக்கலடி, போட்டி பத்தல” என்பாள் பெரெஸ்.

ஆனால் அபோண்டியின் கணவன் ஓதேராவுக்கு மானப் பிரச்சினை வந்துவிட்டது. படகில் வலை இழுப்பவன் அவன். “மீன் பிடிக்கிறவன் மகன் அடுத்த வீட்டுல போய் மீன் திங்கறான். கேக்கறவன் சிரிக்கிறான்” என்றான். “பேராசிரியர்கிட்ட காட்டு. நம்ம படகுல இருக்கிற எல்லாரும் காட்டியாச்சு.”

காட்டினார்கள். கொட்டகை வாசலில் சலோமே என்று ஒருத்தி இருந்தாள், பேராசிரியரின் உதவியாள். தேன் தடவிய பேச்சு. வரிசையில் இருக்கும் ஒவ்வொரு தாயின் பக்கத்திலும் போய் உட்காருவாள். “அச்சச்சோ, எப்படி எளச்சுட்டான்! கடைசியா என்ன தின்னான்? எங்க தின்னான்? பக்கத்துல யாரு இருந்தா?” என்று விசாரிப்பாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் திரைக்குப் பின்னால் போவாள். சிறிது நேரத்தில் உருண்டை வெளியே வரும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒபாரியாவில் யாருக்கும் அவகாசம் இல்லை. கோழியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

அபோண்டியும் சொன்னாள். பொரித்த மீன், பெரெஸ் வீடு.

மகாக் ஓக்கோத்தின் வயிற்றில் தேய்த்தார். ஓக்கோத் ஊரே நடுங்க அலறினான். உருண்டையைப் பிட்டதும், தொப்புள் வழியாக வந்தது என்று சொல்லி, ஒரு மீன்முள்ளை உயர்த்திக் காட்டினார். கூட்டம் ஓவென்று கத்தியது.

“உன் வீட்டுப் பக்கத்துல ஒரு பொம்பளை,” என்றார் மகாக் கண்ணை மூடிக்கொண்டு. “எண்ணெய் தெரியுது. நெருப்பு தெரியுது. அவ கண்ணுதான்.”

அபோண்டிக்குத் தெரிந்த எண்ணெயும் நெருப்பும் ஒன்றுதான்.

“இந்தக் கண்ணேறு முழுசா எறங்கற வரைக்கும் மீனு, முட்டை, பருப்பு, கறி எதுவும் குடுக்காதே. கஞ்சி மட்டும். நான் வெளிய எடுத்துக்கிட்டே இருக்கும்போது நீ உள்ள போட்டுக்கிட்டே இருந்தா எப்படி? சந்தை நாளுக்குச் சந்தை நாள் கூட்டிட்டு வா. கோழி பெட்டையா இருந்தா நல்லது.”

அன்று சாயங்காலமே சேதி துறை முழுக்கப் பரவிவிட்டது. பெரெஸின் சட்டிக்கு முன்னால் நின்ற கூட்டம் காணாமல் போனது. அவளைக் கண்டால் தாய்மார்கள் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்கள். பொரித்த மீன் சட்டியிலேயே ஆறிப் போனது. அபோண்டி வேலிக்கதவைக் கட்டிவிட்டாள். ஓக்கோத் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதான், பெரெஸின் பிள்ளைகள் அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள்.

வாரங்கள் ஓடின. கோழிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஓக்கோத் இப்போது துப்புவதில்லை, முரண்டு பிடிப்பதில்லை, அழுவதுகூட இல்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்து கிடந்தான். முடி செம்பட்டையானது. கால் வீங்கியது. அமுக்கினால் குழி விழுந்தது. “பாத்தியா, காலு பூசினாப்பல இருக்கு. தேறிட்டான்” என்றான் ஓதேரா. அபோண்டியோ, முன்பு போல இவன் ஒரே ஒரு தடவை தன் முகத்தில் முட்டையைத் துப்பமாட்டானா என்று ஏங்கினாள்.

அடுத்த சந்தை நாளில் உருண்டைக்குள்ளிருந்து பருப்பு வந்தது. பூப் போல வெந்த, சிவந்த, முழுப் பருப்பு.

அபோண்டி அதையே பார்த்தாள். பருப்பைப் பிள்ளை கண்ணால் பார்த்தே எத்தனையோ நாள் ஆயிற்று. கொடுக்காதே என்று சொன்னவரே இவர்தான்.

“ஐயா, இது எப்பத் தின்னது?”

“பழசு. ரொம்பப் பழசு.”

“நேத்து வெந்தாப்பல இருக்கே.”

“கண்ணேறு அழுக விடாதும்மா!” என்றார் மகாக். கூட்டம் மெய்சிலிர்த்தது. குளிர்சாதனப் பெட்டியே தேவையில்லை, அக்கம்பக்கத்தில் ஒரு கெட்ட கண் இருந்தால் போதும் என்று இதற்கு அர்த்தம். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

திரும்பும்போது படகுத்துறை வழியாகத்தான் போக வேண்டும். பெரெஸ் காலிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள். முதுகுத் துணிக்குள் கிடந்த குழந்தையின் காலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அபோண்டி எதிர்பார்த்தாள். அவளோ சட்டியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

“என்னடி இது, ஓக்கோத் அம்மா? இது காலா, ரொட்டியா?”

“அக்கா, நீங்க அவனைப் பாக்காதீங்க...”

“பாக்காம? கண்ணு வச்சுக் கொன்னுடுவேனா? உன் புள்ள என் வீட்டுல தின்னப்போ குண்டா இருந்தான். அந்தாளு வைத்தியம் பண்ணி இப்படி ஆக்கி வச்சிருக்கான். நீ என்னைப் பாத்துப் பயப்படற! யாரைப் பாத்துப் பயப்படணும்னு உனக்கே தெரியலயா?”

அபோண்டிக்கு அழுகை வந்துவிட்டது. பருப்பு வந்த கதையை விக்கி விக்கிச் சொன்னாள். பெரெஸ் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

“அந்தச் சலோமேகிட்ட ஒவ்வொரு தடவையும் என்ன தின்னான்னு சொல்றியா?”

“கேக்கறா, சொல்றேன். இந்தத் தடவை கஞ்சின்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி என்னன்னு நோண்டினா. ஒரு காலத்துல பருப்பு குடுத்தேன்னு சொன்னேன்.”

பெரெஸ் சிரித்தாள். “சரி. அடுத்த தடவை கோழி எரைப்பைன்னு சொல்லு. நான் ஊட்டினேன்னு சொல்லு.”

“எரைப்பையா!” அபோண்டி அழுகையை நிறுத்திவிட்டாள். அந்தக் கரையில் கோழி அறுத்தால் இரைப்பை வீட்டுத் தலைவனுக்குத்தான். பெண்களும் பிள்ளைகளும் அதைத் தொடுவதில்லை. தொட்டால் பெரிய சண்டை வரும். “குழந்தைக்கு யாராச்சும் எரைப்பை குடுப்பாங்களா? நம்ப மாட்டாங்க அக்கா.”

“அதுக்குத்தான்டி. ஊருல எந்தக் குழந்தை வயித்துலயும் அது இருக்காது. ஆனா அந்தாளு அடுப்புல தினமும் இருக்கும். நாளுக்கு ஒரு கோழி அறுக்கறான்ல? வீட்டுத் தலைவன்ல அவன்? தன் பங்குலேருந்து ஒரு துண்டு எடுத்து உருண்டையில வைப்பான். அப்புறம் ஒண்ணு பண்ணு. அவன் உருண்டையைப் புள்ள மேல வைக்கறதுக்கு முன்னாடி நீ புடுங்கி வேற எது மேலயாவது தேச்சுடு.”

“எது மேல?”

“எது மேலயோ. எரைப்பை திங்காத எதாச்சும். நான் கதவுகிட்ட நிக்கறேன்.”

சந்தை நாள் வந்தது. ஓதேராவும் கூட வந்தான், கடைசிக் கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. முட்டை போடுகிற கோழி. சலோமே வந்து உட்கார்ந்தாள். அபோண்டி சொன்னதைக் கேட்டு அவளே ஒரு நிமிடம் திகைத்துப் போனாள். “எரைப்பையா? இவனுக்கா?” “ஆமாக்கா, அந்தப் பெரெஸ் ஊட்டிட்டா.” சலோமே வாயில் கை வைத்து, “என்ன அக்கிரமம்!” என்று உள்ளே ஓடினாள். ஓதேராவுக்கோ முகம் சிவந்துவிட்டது. வீட்டில் கோழி அறுத்தே பல மாதம் ஆயிற்று. அறுக்கவேண்டிய கோழிகள் எல்லாம் இங்கேதான் வந்திருந்தன.

மகாக் உருண்டையுடன் வந்தார். கண்ணை மூடினார். முனகினார். கையை ஓக்கோத்தின் வயிற்றை நோக்கி நீட்டினார்.

அபோண்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். உருண்டையைப் பிடுங்கினாள். எதன் மேல் தேய்ப்பது? காணிக்கைக் குவியலில், கோழி இல்லாத யாரோ ஒருத்தி கொண்டு வந்து வைத்த பூசணிக்காய் ஒன்று இருந்தது. நல்ல உருண்டையான வயிறு. அபோண்டி அதன் முன்னால் மண்டி போட்டு, உருண்டையை அதன் மேல் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

“ஏய்! என்ன பண்ற! சக்தி போயிடும்!” என்று கத்தினார் மகாக்.

“போகட்டும் ஐயா, எங்க போகுதுன்னு பாக்கலாம்.”

உருண்டையைப் பிட்டாள். உள்ளே, நெய்யில் மினுங்கிக்கொண்டு, வெந்த கோழி இரைப்பை ஒரு துண்டு.

எல்லாரும் இரைப்பையைப் பார்த்தார்கள், பூசணிக்காயைப் பார்த்தார்கள்.

கதவருகிலிருந்து பெரெஸின் குரல் வந்தது. “அய்யய்யோ! பாவம், பூசணிக்காய்! யாருடி அதுக்கு எரைப்பை ஊட்டினது? நான் இல்லப்பா!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகாக் சுதாரித்துக்கொண்டார். பேராசிரியர் அல்லவா! “இதுல என்ன ஆச்சரியம்? பூசணிக்காய்க்கும் கண்ணு படும்!”

கூட்டத்தில் ஒரு பெரியவர் தலையாட்டினார். “படுந்தான். எங்க தோட்டத்துலயே பட்டிருக்கு.” இப்படி ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்.

“கண்ணு படட்டும் பெரியவரே,” என்றாள் அபோண்டி. “எரைப்பையை எந்த வாயால தின்னுச்சு?”

பெரியவர் பூசணிக்காயை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வாய் அகப்படவில்லை.

அதற்குள் பெரெஸ் திரைக்குப் பின்னால் புகுந்து, அங்கே சிவப்புத் துணி மூடி வைத்திருந்த ஒரு பாத்திரத்தைத் தூக்கி வந்து நடுவில் கவிழ்த்தாள். அடுத்தடுத்த குழந்தைகளுக்கான உருண்டைகள் உருண்டன. தாய்மார்கள் ஆளுக்கொன்றாகப் பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் முட்டை ஓடு, ஒன்றில் மீன்முள். இன்னும் பல் முளைக்காத ஒரு கைக்குழந்தையின் தாய் பிட்டதில் ஆட்டுக்கறி.

“என் புள்ள பால் தவிர ஒண்ணும் குடிச்சதில்லடா பாவி!” என்று அந்தத் தாய் கையிலிருந்ததை மகாக்கின் முகத்தில் விட்டெறிந்தாள். அப்புறம் கொட்டகைக்குள் உருண்டை மழை.

ஓதேரா மட்டும் அசையாமல் நின்றான். இரைப்பைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. “நான் வீட்டுத் தலைவன்,” என்றான். “எரைப்பை கண்ணால பாத்தே எத்தனை மாசமாச்சு. என் கோழி எல்லாத்தையும் தின்னுட்டு, என் பங்கைப் பூசணிக்காய்க்கு வைக்கிறியா?” தர்மம், அறிவியல், பிள்ளையின் உடம்பு இவற்றுக்கெல்லாம் அசையாத மனுஷன் இதற்கு அசைந்தான். பரவாயில்லை, புத்தி எந்த வாசல் வழியாக வந்தாலும் வரட்டும்.

பேராசிரியர் பின்பக்கத் தகரத்தைப் பிரித்துக்கொண்டு ஓடினார். சலோமே அவருக்கும் முன்னால் ஓடினாள். கூண்டில் மிச்சமிருந்த கோழிகளை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கொழுத்த கோழி எல்லாருடையதுமாக இருந்தது, நோஞ்சான் கோழி யாருடையதுமாக இல்லை.

அபோண்டி பெரெஸின் கையைப் பிடித்தாள். “அக்கா, உங்க பொழப்பைக் கெடுத்துட்டேன். உங்க முகத்தைப் பாக்கவே எனக்கு...”

“அழறதெல்லாம் அப்புறம். முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. காலு வீங்கின புள்ளைக்கு என் மீனு மட்டும் பத்தாது.” ஓதேராவைப் பார்த்துக் கத்தினாள்: “வீட்டுத் தலைவரே! போய் பைக் கூப்பிடும்!” பிறகு பூசணிக்காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “இது எனக்கு. என் மானத்துக்கு ஈடு.”

ஓக்கோத் ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்தான். மருந்துப் பாலை முதல் நாள் துப்பினான். அபோண்டி சந்தோஷத்தில் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரிக்கு எதுவும் புரியவில்லை.

அவர்கள் ஊர் திரும்பிய அன்று பெரெஸின் வாசலில் ஒரு வரிசை நின்றது. மீன் வாங்குகிற கூட்டம் திரும்பிவிட்டது என்று அபோண்டி மகிழ்ந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் எல்லார் கையிலும் கோழி.

“என்னக்கா இது?”

“பூசணிக்காயைப் பாக்க வந்திருக்காங்க,” என்றாள் பெரெஸ் பல்லைக் கடித்துக்கொண்டு. “பேராசிரியரோட மந்திரத்தையே முறிச்ச பூசணிக்காயாம். குழந்தை அதைத் தொட்டா கண்ணேறு போயிடுமாம். ஒருத்தர் கும்பிட்டுட்டுக்கூடப் போயிட்டார்.”

வரிசையில் முதல் ஆள் அந்தத் தலையாட்டிப் பெரியவர்.

அபோண்டி பெரெஸின் கத்தியை எடுத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூசணிக்காயை இரண்டாகப் பிளந்தாள். விதையை வழித்தாள். “பாத்துக்குங்க. விதை இருக்கு, நார் இருக்கு, சக்தி ஒண்ணும் இல்ல. அந்தக் கோழியை வீட்டுக்குக் கொண்டு போய் உங்க புள்ளைக்கு ஆக்கிப் போடுங்க. எரைப்பையையும் அவனுக்கே குடுங்க.”

வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. பூசணிக்காய் குழம்பானது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஓக்கோத் நடுவில் புகுந்து அடுத்தவன் கையிலிருந்த மீனைப் பிடுங்கித் தின்றான். பூசணிக்காயை வாயில் வைத்துப் பார்த்தான், பிடிக்கவில்லை, துப்பிவிட்டான்.

யார் எதை ஊட்டினாலும் முதலில் வாயில் வைத்துப் பார்த்து, ஒத்துவராததைத் துப்புகிறவன் அந்த ஊரில் அவன் ஒருவன்தான். அவனுக்கு வயது இரண்டு. உங்களுக்கு எத்தனை?